கணக்கின் வழியை அச்சேற்றிய காலம்

கணக்கு ஒன்றைத் தானாக யோசித்துப் போட்டவர், அதைப் போட்ட வழியையும் பலர் படிக்க அச்சில் கொடுக்கும் வழக்கம் இந்தியாவில் வேரூன்றி நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. 1909இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழ் தொடங்கியபோது அதில் வினாக்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. ஒருவர் வினா அனுப்புவார். அதற்கு வரிசை எண் இடப்படும். அடுத்து வரும் இதழ்களில் எவரும் வழி எழுதி அனுப்பலாம். தேறியது எழுதியவர் பெயரோடு வெளிவரும். புதிய கிளை எதையும் தொடங்காத, ஒற்றைக் கணக்கை மட்டும் முடித்துவைக்கும் இத்தகைய எழுத்து அச்சுக்குத் தகுந்ததா என்ற ஐயம் கணித உலகில் இன்றுவரை எழுந்துகொண்டே இருக்கிறது. அந்த இதழின் வினாப்பகுதி பட்ட பாட்டையும் பெற்ற பேற்றையும் வரிசையாகப் பார்த்தால், தகுந்ததுதான் என்று சொல்லத் தோன்றும். வழியில் குறை இருந்தபோதும் அது தகுந்ததாகவே இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் விசேஷம்.

அச்சுக்கு முந்திய காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கமும் இரு வேறு பழக்கங்கள் நிலவின.  அந்த மலையின் ஆனைமலைத் தொடரில் பிறக்கும் பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. அதே தொடரில் பிறக்கும் இன்னொரு ஆறான பாரதப்புழை, மலையாளிகள் நிளா என்று அழைப்பது, பாலக்காட்டைக் கடந்து மேற்கே கடலைத் தொடுகிறது. இரண்டு ஆற்றுப் படுகைகளிலும் கணக்கு செழித்தது. எழுதிவைத்த முறைதான் வேறு.

காவிரிப் பக்கத்தில் பெயர்பெற்ற நூல் காரி நாயனாரின் கணக்கதிகாரம். நிலம், நெல், பொன், கூலி என்று வாழ்க்கைக்கு வேண்டிய கணக்குகளை அது பாட்டில் வைத்திருக்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் கணக்கு அதில் பலரும் அறிந்தது: காம்பை ஒட்டிய சிறு முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். ஆறு ஏன், ஐந்து ஏன் என்று பாட்டு சொல்வதில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு விதி கைவசம் இருந்தால் வேலை நடந்துவிடும். காரணம் வாத்தியாரின் வாயில் இருந்திருந்தால் அது அவரோடு போயிற்று.

நிளாப் பக்கத்தில் காரணமே நூலானது. ஜேஷ்டதேவர் 1530 வாக்கில் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை, சூத்திரங்களைச் சொல்லி நிறுத்தாமல் அவை எப்படி வந்தன என்பதைப் படிப்படியாக எடுத்துக்காட்டும் உரைநடை நூல். விட்டத்தை நான்கால் பெருக்கி, அதிலிருந்து அதன் மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இப்படியே முடிவின்றிச் சென்றால் வட்டத்தின் சுற்றளவு கிடைக்கும் என்பது 14ஆம் நூற்றாண்டுச் சங்கமகிராம மாதவருடையதாகக் கருதப்படும் தொடர். அதன் முழு நிரூபணம் யுக்திபாஷையில் இருக்கிறது. ஐரோப்பாவில் கிரிகோரியும் லைப்னிட்சும் இதே தொடரை அடைந்தது 1670களில். கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் அதிகாரி சி.எம். விஷ் இதை லண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் 1834இல் எழுதினார். நூறாண்டுக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் இல்லை. யுக்திபாஷையின் கணிதப் பகுதி விளக்கக் குறிப்புகளோடு திருச்சூரில் அச்சானது 1948இல்தான். அதைப் பதிப்பித்தவர்கள் ராமவர்ம மரு தம்புரானும் ஏ.ஆர். அகிலேசுவர ஐயரும். வழியை முறையாக எழுதிவைத்தும் ஓலையைவிட்டு வெளியே வராததால் நானூறு ஆண்டுகளாக அந்த நூல் கேரளத்துக்கு வெளியே யாருக்கும் அடுத்த படியாக அமையவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் எழுதாமல் போனது. அந்தப் பக்கம் எழுதியும் பரவாமல் போனது.

அச்சில் வினாவும் வழியும் மாறி மாறி வரும் பழக்கம் இங்கிலாந்தில் வளர்ந்தது. 1704இல் தொடங்கிய ‘லேடீஸ் டைரி’ என்ற பஞ்சாங்கம் போன்ற ஆண்டு வெளியீடு, வாசகர்களுக்குக் கணக்குப் போட்டு மறு ஆண்டு அவர்கள் அனுப்பிய வழிகளை அச்சிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘எஜுகேஷனல் டைம்ஸ்’ என்ற ஆசிரியர் இதழ் அந்தப் பணியை ஏற்றது. சில்வெஸ்டர், கெய்லி போன்ற பெருங்கணிதர்களும் பெயர் தெரியாத பள்ளி ஆசிரியர்களும் அதில் ஒரே பக்கத்தில் எழுதினார்கள். 1864 முதல் அந்த வினாக்களும் வழிகளும் தனித் தொகுதிகளாகவே வெளிவந்தன.

அந்த லண்டன் இதழுக்குச் சென்னையிலிருந்து எழுதிய மாணவர்களில் ஒருவர் வி. ராமசுவாமி ஐயர். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவரைப் பேராசிரியர் என்றே நினைத்து இதழாசிரியர் அப்படி விளித்து எழுதியதாகவும், அந்தப் பட்டம் நண்பர்களிடையே நிலைத்துவிட்டதாகவும் சொல்வார்கள். பின்னாளில் அவர் வருவாய்த் துறையில் டெப்டி கலெக்டர் ஆனார். கூத்தியில் பணியில் இருந்தபோது நண்பர்களுக்குக் கடிதம் எழுதி, 1907 ஏப்ரலில் இருபது பேரோடு ‘அனலிட்டிக் கிளப்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். நல்ல கணித நூல்களும் வெளிநாட்டு இதழ்களும் தனி ஆளால் வாங்க முடியாத விலையில் இருந்தன. பலர் சேர்ந்து சந்தா கட்டி வாங்கி, தபாலில் சுற்றுக்கு விடுவதுதான் சங்கத்தின் முதல் நோக்கம். விரைவில் அதுவே இந்தியக் கணிதக் கழகம் ஆயிற்று. 1909இல் தொடங்கிய இதழுக்கு ஆசிரியர் பெங்களூரில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த எம்.டி. நாராயண ஐயங்கார்.

வினாப்பகுதியில் வந்ததெல்லாம் உயர்ந்தது என்று சொல்ல முடியாது. முக்கோண வடிவியலும் கூம்பு வெட்டிகளும் நிறைய இடம் பிடித்தன. கேம்பிரிட்ஜ் டிரைபாஸ் தேர்வின் சாயல் பலவற்றில் தெரிந்தது. ஆனால் கல்லூரி ஆசிரியர், தாலுகா அதிகாரி, கணக்கர் என்று யாராயினும் ஒரு கணக்கை முழுமையாக எழுதி, ஆசிரியர் குழுவின் சோதனைக்குத் தாங்கி, பெயரோடு அச்சில் பார்க்க இந்த நாட்டில் வேறு இடம் இல்லை. 1910இல் திருக்கோவிலூருக்கு ராமசுவாமி ஐயரைத் தேடிவந்து எழுத்தர் வேலை கேட்ட ஒரு கும்பகோணத்து இளைஞருக்கு அந்த இடம் வாழ்க்கையையே திருப்பியது.

அந்த இளைஞரான சீனிவாச ராமானுஜன் கணிதத்தைப் பெரும்பாலும் ஜி.எஸ். கார் எழுதிய தொகைநூலிலிருந்து கற்றவர். ஆயிரக்கணக்கான தேற்றங்களையும் வாய்பாடுகளையும் வரிசையாக அடுக்கி, நிரூபணத்தை ஓரிரு வரியில் சுட்டியோ அதுவும் இல்லாமலோ செல்லும் நூல் அது. காகிதத்துக்குக் காசில்லாததால் சிலேட்டில் போட்டு அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவது அவர் பழக்கம். பழைய கணக்கதிகாரத்தின் பழக்கமும் இந்தப் புதிய நூலின் பழக்கமும் இந்த விஷயத்தில் ஒன்றே: முடிவு நிற்கும், வழி மறையும். பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1911இல் கழக இதழில் வருவதற்கு முன், வாசகருக்குப் புரியும்படி எழுதக் கேட்டு நாராயண ஐயங்கார் அதைப் பலமுறை திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. வழியை எழுதும் பயிற்சியை அவருக்கு முதலில் கொடுத்தது பின்னாளில் அவர் சென்ற கேம்பிரிட்ஜ் என்று சொல்லிவிட முடியாது. இந்த இதழும் அதன் ஆசிரியரும் அதற்கு முன்பே தொடங்கிவைத்தார்கள்.

1911 முதல் 1919 வரை ராமானுஜன் அந்த வினாப்பகுதிக்கு 58 வினாக்கள் அனுப்பினார். அவற்றில் 289ஆம் வினா பள்ளிப் பிள்ளைகள் வரை எட்டியிருப்பது. வர்க்கமூலத்துக்குள் 1, அதோடு 2 பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் 1, அதோடு 3 பெருக்கல் மற்றொரு வர்க்கமூலம், இப்படி முடிவில்லாமல் போகும் கோவையின் மதிப்பு என்ன? ஆறு மாதம் ஒருவரும் வழி அனுப்பவில்லை. பிறகு ராமானுஜனே எழுதினார். விடை 3. வழி எளியது: 3 என்பது 9இன் மூலம், 9 என்பது 1 கூட்டல் 2 பெருக்கல் 4, அந்த 4 என்பது 16இன் மூலம், 16 என்பது 1 கூட்டல் 3 பெருக்கல் 5, அந்த 5 என்பது 25இன் மூலம், 25 என்பது 1 கூட்டல் 4 பெருக்கல் 6. இதற்கு முடிவே இல்லை.

அழகான வழி, ஆனால் ஓட்டை உள்ள வழி. இதே உத்தியில் 3க்குப் பதில் 4ஐ எடுத்துத் தொடங்கினாலும் நிற்காமல் போகலாம். 4 என்பது 16இன் மூலம். 16 என்பது 1 கூட்டல் 2 பெருக்கல் பதினைந்தின் கீழ் இரண்டு. அந்தப் பின்னத்தையும் வர்க்கமாக்கி அதே விதமாக உடைத்துக்கொண்டே செல்லலாம். அப்படியானால் விடை 4 என்றும் வாதிடலாம். 3தான் சரி என்பதற்கு வேறொன்றைக் காட்ட வேண்டும்: கோவையை ஒவ்வோர் இடத்தில் வெட்டிக் கணக்கிட்டால் 1.732, 2.236, 2.560 என்று ஏறும் மதிப்புகள் உண்மையிலேயே 3ஐ நெருங்குகின்றன என்று. ராமானுஜன் அதைத் தொடவில்லை. 1927இல் ஹார்டி, சேஷு ஐயர், வில்சன் மூவரும் அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, அந்நாள் இளைஞர் டி. விஜயராகவன் இத்தகைய மூலக்கோவைகள் எப்போது ஒரு மதிப்பில் நிலைகொள்ளும் என்ற விதியைத் தந்தார். அது அந்தத் தொகுப்பின் பின்குறிப்பில் இடம்பெற்றது. 1935இல் ஹெர்ஷ்ஃபெல்ட் ‘அமெரிக்கன் மேதமேட்டிகல் மன்த்லி’யில் இதை விரிவாக எழுதினார். விடை 3 என்று மட்டும் இதழ் அச்சிட்டு நிறுத்தியிருந்தால் ஓட்டை எவர் கண்ணிலும் பட்டிருக்காது. வழி அச்சில் நின்றதால் அதில் விடுபட்டது இன்னது என்று ஒருவர் சுட்ட முடிந்தது. சுட்டிய இடத்திலிருந்து ஒரு பொது விதி பிறந்தது.

இன்னொரு வினா கடல் கடந்தது. 2.718 எனத் தொடங்கும் மடக்கை அடிமான எண்ணை ஒரு முழு எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் வரும் முடிவிலித் தொடரில், தொடக்கத்திலிருந்து அந்த எண்ணிக்கை உறுப்புகளைக் கூட்டி, அடுத்த உறுப்பில் ஒரு பங்கு சேர்த்தால் மொத்தத்தில் சரிபாதி கிடைக்கும். அந்தப் பங்கு எப்போதும் மூன்றில் ஒன்றுக்கும் இரண்டில் ஒன்றுக்கும் இடையில் இருக்கும் என்று காட்டுக என்பது 294ஆம் வினா. ராமானுஜன் இதழில் தந்தது பாதி வழிதான். முழு நிரூபணத்தை 1928இல் காபோர் செகோவும் 1929இல் ஜி.என். வாட்சனும் தந்தார்கள். செகோ ஹங்கேரியர். அந்த நாட்டில் 1894இல் ஆசிரியர் டானியேல் அரானி தொடங்கிய பள்ளி மாணவர் கணித இதழ் மாதந்தோறும் கணக்குகளைக் கொடுத்து, சிறந்த வழிகளை மாணவர் பெயரோடு அச்சிட்டது. செகோவின் தலைமுறை அதில் கணக்குப் போட்டு வளர்ந்தது. பின்னர் பால் எர்டிஷும் அப்படியே. சென்னை மாகாணத்து இதழின் பாதி வழியை அத்தகைய பயிற்சி பெற்ற ஒருவர் முடித்துவைத்தது பொருத்தமானது.

1913இல் வந்த 464ஆம் வினாவின் கதையில் ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. இரண்டின் அடுக்கிலிருந்து 7ஐக் கழித்தால் 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளுக்கு முழு வர்க்கம் வருகிறது. கடைசி அடுக்குக்கு 32768இலிருந்து 7 போக 32761. அது 181இன் வர்க்கம். வேறு அடுக்குகள் உண்டா என்று ராமானுஜன் கேட்டார். கே.ஜே. சஞ்சனாவும் டி.பி. திரிவேதியும் அதே ஆண்டு ஒரு வழி அனுப்பினார்கள். அது இந்த ஐந்தையும் முறையாக வருவித்தது. ஆறாவது இல்லை என்று நிறுவவில்லை. முப்பது ஆண்டு கழித்து 1943இல் நார்வேயில் லியூங்கிரென், ராமானுஜனின் வினாவை அறியாமலே, அதையே கேட்டார். 1948இல் டிரிக்வி நாகெல் ஐந்துக்கு மேல் இல்லை என்று நிறுவினார். இந்திய இதழ் ஐரோப்பாவின் நூலகங்களில் கண்ணில் படும்படி இருந்திருந்தால் அந்த முப்பது ஆண்டுகள் குறைந்திருக்கலாம். 1959இல் பிழைதிருத்தும் குறியீடுகளை ஆராய்ந்த ஷாபிரோவும் ஸ்லாட்னிக்கும் இதே சமன்பாட்டை எதிர்கொண்டார்கள். ராமானுஜன், நாகெல் இருவர் பெயரும் இன்று அதற்கு வழங்குகின்றன. அதே 1913இன் 469ஆம் வினா, ஒன்று முதல் ஓர் எண் வரை பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கமாகும் இடங்களைக் கேட்கிறது. 4, 5, 7 மூன்றும் தெரியும். பிரான்சின் பிரோகார்ட் 1876இலேயே கேட்ட வினா இது. 2000இல் பெர்ன்ட்டும் கால்வேயும் நூறு கோடி வரை கணினியில் தேடி வேறொன்றும் காணவில்லை. பொது வழி இன்னும் வரவில்லை.

விடைக்கும் வழிக்கும் உள்ள தொலைவைக் காட்ட ஒரு சம்பவம் உண்டு. 1914 டிசம்பரில் ‘ஸ்டிராண்ட்’ என்ற ஜனரஞ்சக இதழில் ஒரு புதிர் வந்தது: ஒரு தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள், ஒரு வீட்டுக்கு இடப்புற எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புற எண்களின் கூட்டுத்தொகையும் சமம், அந்த வீட்டின் எண் என்ன? கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பி.சி. மகலனோபிஸ் சில நிமிடங்களில் விடை கண்டு ராமானுஜனிடம் படித்துக்காட்டினார். சமைத்துக்கொண்டிருந்த ராமானுஜன் உடனே ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். 288 வீடுகளில் 204ஆம் வீடு என்பது அந்தத் தெருவுக்கான விடை. தொடர்பின்னமோ அத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் விடை. எஸ்.ஆர். ரங்கநாதன் ராமானுஜனைப் பற்றிய தம் நூலில் இதைப் பதிவு செய்தார். அடுத்த தெருவுக்கும் உதவும் வழிதான் அச்சிடத் தகுந்தது. இந்தச் சம்பவம் அந்த அளவுகோலைக் கையில் கொடுத்துவிடுகிறது.

கழகம் வளர்ந்தபோது வினாப்பகுதிக்கு நெருக்கடி வந்தது. 1920களில் இந்தியாவில் தரமான ஆய்வுக் கட்டுரைகள் பெருகின, பக்கமோ வரம்புக்குட்பட்டது. புதிய முடிவுக்கு இடம் தருவதா, பழைய முடிவுக்குப் புதிய வழிக்கு இடம் தருவதா என்ற இழுபறிக்குக் கழகம் கண்ட தீர்வு இரண்டாகப் பிரிப்பது. 1933இல் ‘மேதமேட்டிக்ஸ் ஸ்டூடன்ட்’ என்ற காலாண்டிதழ் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஏ. நரசிங்க ராவ் அதன் முதல் ஆசிரியர். பழைய இதழ் ஆய்வுக்கு என்றாகி, வினாக்களும் குறிப்புகளும் கற்பித்தல் கட்டுரைகளும் புதிய இதழுக்குச் சென்றன. நிர்வாகத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவரை தாலுகா அதிகாரியின் வழியும் பேராசிரியரின் தேற்றமும் ஒரே அட்டைக்குள் வந்தன. அந்த உடனிருப்பு அன்றோடு முடிந்தது. 289ஆம் வினா 1911க்குப் பதில் 1941இல் வந்திருந்தால் அதை ஆய்வாளர்கள் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றவர்கள் படும் பாட்டுக்கு டி.ஆர். காப்ரேக்கர் சாட்சி. நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், தம் கண்டுபிடிப்புகளைச் சொந்தக் காசில் சிறு நூல்களாக அச்சிட்டார். இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக இல்லாத நான்கு இலக்க எண் எதை எடுத்தாலும், இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால் 6174இல் வந்து நிற்கும் என்பதை அவர் 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். இங்கே பலர் அதை விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பிறகே பெயர் பரவியது.

வழி எழுதப்படாமல் போனதற்கான விலையை ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் அவற்றில் பெரும்பாலும் நிரூபணமின்றி நிற்கின்றன. ப்ரூஸ் பெர்ன்ட் 1970களில் தொடங்கி, ஐந்து தொகுதிகளாக அவற்றுக்கு நிரூபணம் தந்து முடிக்க 1998 ஆயிற்று. அடுத்த ஆண்டு சோய், காங் இருவரோடு சேர்ந்து, கழக இதழில் வந்த 58 வினாக்களையும் அவற்றுக்கு வந்த வழிகளையும் தொடர்ந்து எழுந்த ஆய்வுகளையும் பெர்ன்ட் ஒருங்கே தொகுத்து எழுதினார். நோட்டுகளோடு ஒப்பிட்டால் இந்த வேலை எளிது. இதழிலேயே பல வினாக்களுக்கு யாராவது வழி எழுதி வைத்திருந்தார்கள்.

நிளாக்கரை நூலான யுக்திபாஷையும் மெல்ல மீண்டது. சி.டி. ராஜகோபாலும் முகுந்த மராரும் 1944இல் கேரளத் தொடர்களின் நிரூபணங்களை நவீனக் குறியீட்டில் விளக்கினார்கள். சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர், மூலக்கோவைக்கு விதி தந்த விஜயராகவன். 1955இல் அவர் மறைந்தபின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் இதே ராஜகோபால். 2008இல் கே.வி. சர்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்போடும் விரிந்த விளக்கங்களோடும் யுக்திபாஷை முழுமையாக வெளிவந்தது.

பள்ளி மட்டத்தில் இந்த வழக்கத்தைக் கொண்டுசென்றது 1965இல் சென்னையில் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம். அதன் தூண்களில் ஒருவரான பி.கே. சீனிவாசன், ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் திரட்டி 1968இல் வெளியிட்டவர். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் அமைத்தார். சங்கம் ஆசிரியர்களுக்கு ஓர் இதழும் மாணவர்களுக்கு ‘ஜூனியர் மேதமேட்டிஷியன்’ என்ற இதழும் நடத்துகிறது. 2012இல் தொடங்கிய ‘அட் ரைட் ஆங்கிள்ஸ்’ இதழிலும் கணக்குகளுக்கும் அவற்றைப் போடும் வழிகளுக்கும் தனிப் பகுதி உண்டு. தெரிந்த தேற்றத்துக்குப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்ட மாற்று வழிக்கும் அதன் பக்கங்களில் இடம் கிடைக்கிறது.